78 கிராம் பேட் எத்தனை நாள் தாங்கும்?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். 41 வயது, வாரத்தில் நான்கு நாள் மாலையில் பேட்மின்டன் டபுள்ஸ், ஆறு வருடமாக ஒரே 3யூ பேட் ('யூ' என்பது பேட்டின் எடை வகை, முன்னால் உள்ள எண் கூடினால் எடை குறையும்), இப்போது தோளில் வலி. அதனால் 4,500 ரூபாய்க்கு 5யூ பேட் ஒன்று வாங்க நினைக்கிறீர்கள். ஆனால் நண்பர் வாங்கிய அதே மாதிரி லேசான பேட் இரண்டே மாதத்தில் பிரேமில் விரிசல் விட்டுவிட்டது. லேசான பேட் சீக்கிரம் உடையுமா, நரம்பை 26 பவுண்டு இழுவிசையில் கட்டினால் தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் புரிந்துகொண்ட வரையில் உங்கள் மனதில் இருப்பது இதுதான்: தோளுக்காகப் பத்து கிராம் குறைத்தால், பேட்டின் ஆயுளில் எவ்வளவு விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்? கொஞ்சம் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. அந்தக் கொஞ்சத்தையும் பெரும்பாலும் நீங்களே ஈடுகட்டிவிடலாம்.

கோயம்புத்தூரில் 17 வருடமாகப் பேட்டுக்கு நரம்பு கட்டுகிறேன். எல்லோரும் கட்டிங் என்று சொல்லும் வேலைதான். காலையில் நானும் டபுள்ஸ் ஆடுகிறேன். என் அனுபவத்துக்கு ஒரு எல்லை இருப்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். என் மேஜைக்கு வருபவை நரம்பு அறுந்த பேட்டுகளும் விரிசல் விட்ட பேட்டுகளும்தான். ஐந்து வருடம் ஒன்றும் ஆகாமல் ஓடும் 5யூ பேட்டை நான் அடிக்கடி பார்க்க வாய்ப்பில்லை. அதனால் 'லேசான பேட்தான் அதிகம் உடைந்து வருகிறது' என்று நான் சொன்னாலும் அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. இப்போது நம் ஊரில் விற்பதிலேயே லேசான பேட்டுகள் நிறைய, அதனால் உடைந்து வருவதிலும் அவை நிறைய இருக்கும்.

எடையில் இருந்து தொடங்கலாம். யோனெக்ஸ் கம்பெனியின் கணக்கில் 3யூ என்றால் 85 முதல் 89.9 கிராம், 4யூ என்றால் 80 முதல் 84.9, 5யூ என்றால் 75 முதல் 79.9. அதற்கும் கீழே எஃப் என்று போட்டு 70 முதல் 74.9 கிராம். நரம்பும் ஓவர்கிரிப்பும் (கைப்பிடியின் மேல் நாம் சுற்றும் பட்டை) சேராத எடை இது. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் உள்ள வித்தியாசம் ஐந்து கிராம், அதாவது ஒரு ஷட்டிலின் எடை. விதிப்படி ஷட்டில் 4.74 முதல் 5.50 கிராம் வரை இருக்கலாம். இன்னொன்றையும் கவனியுங்கள். 80.2 கிராம் இருக்கும் பேட்டில் 4யூ என்று அச்சடித்திருக்கும், 79.8 கிராம் இருக்கும் பேட்டில் 5யூ என்று இருக்கும். இரண்டுக்கும் நடுவில் அரை கிராம்கூட இல்லை. கடையில் பேட்டை வாங்கிப் பார்த்துவிட்டு 'இது 4யூ, தாங்கும். அது 5யூ, தாங்காது' என்று முடிவு செய்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இதைத்தான் சொல்கிறேன்.

எத்தனை கிராம் என்பதைவிட, குறைத்த கிராமை எந்த இடத்திலிருந்து எடுத்தார்கள் என்பதுதான் முக்கியம். பேட்டில் எடை இருப்பது மூன்று இடங்களில்: தலைப் பிரேம், அதைக் கைப்பிடியோடு இணைக்கும் தண்டான ஷாஃப்ட், கைப்பிடி. கைப்பிடியின் உள்ளே இருப்பது மரம். அதைக் குடைந்து லேசாக்கினால் பிரேமின் பலம் துளியும் குறையாது. பிரேமில் கார்பன் சுவரை மெலிதாக்கினால் மோதலைத் தாங்கும் சக்தி நிச்சயம் குறையும். இதை வாங்குபவர் எப்படிக் கண்டுபிடிப்பது? பிரேமின் சுவர்த் தடிமனை எந்தக் கம்பெனியும் பெட்டியில் அச்சடிப்பதில்லை. ஆனால் பேலன்ஸ் ஒரு துப்புக் கொடுக்கும். பேட்டை விரலின் மேல் கிடத்தி, சாயாமல் நிற்கும் புள்ளி கைப்பிடியின் அடிமுனையிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்து பாருங்கள். ஒரே கட்டிங், ஒரே கிரிப் போட்ட இரண்டு 78 கிராம் பேட்டுகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் அந்தப் புள்ளி 300 மில்லிமீட்டருக்கு மேல், இன்னொன்றில் 285 பக்கம் என்றால், முதல் பேட்டின் தலையில்தான் பொருள் அதிகம். லேசான பேட்டிலும் ஸ்மாஷுக்கு வேகம் வேண்டும் என்பதற்காகத் தலைப் பக்கம் எடையை வைக்கும் மாடல்கள் நிறைய உண்டு. அப்படிப்பட்ட 5யூ பேட்டின் பிரேம், தலை லேசான 4யூ பேட்டின் பிரேமைவிடப் பலம் குறைந்ததாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஆனால் தலை கனத்தால் தோளுக்கு வேலை அதிகம். உங்களுக்கு அந்தப் பக்கமும் பார்க்க வேண்டியிருக்கிறது.

அடுத்தது கார்பன். விலை கூடினால் பேட் பலமாக இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அது பாதிதான் சரி. கார்பன் இழையில் விறைப்பு வேறு, முறியாமல் வளைந்து கொடுக்கும் குணம் வேறு. ஜப்பானின் டோரே கம்பெனி தரும் எண்களையே பாருங்கள். டி700எஸ் என்ற சாதாரண ரகம் 2.1 சதவீதம் நீண்ட பிறகுதான் அறும். எம்40ஜே என்ற விறைப்பான ரகம் 1.2 சதவீதத்திலேயே அறுந்துவிடும். விறைப்பு அதிகமானால் ஷாட் துல்லியமாகப் போகும், பேட்டை லேசாகவும் செய்யலாம். ஆனால் திடீர் மோதலைத் தாங்கும் அவகாசம் குறைகிறது. இந்தக் குறையைச் சரிசெய்யத்தான் டோரே 2018-ல் எம்40எக்ஸ் என்ற இழையை அறிவித்தது. விறைப்பு அதே அளவு, அறுபடும் எல்லை சுமார் 1.5 சதவீதம். பதினைந்தாயிரம் ரூபாய்க்கு மேல் போகும் பேட்டுகளில்தான் இப்படிப்பட்ட பொருள் வருகிறது. அதை வாங்கினாலும் டி700எஸ் போல அது வளைந்து கொடுக்காது. பேட் என்பது வெறும் இழையும் அல்ல. இழைகளை ஒட்டும் ரெசின், இழையை அடுக்கும் கோணம் எல்லாம் சேர்ந்துதான் பலம். அதனால் இந்தச் சதவீதத்தை வைத்து இரண்டு பேட்டுகளின் ஆயுளைக் கணக்குப் போட முடியாது. ஆனால் விலை ஏறினால் ஆயுளும் ஏறும் என்ற நம்பிக்கையைக் கைவிட இது போதும். ஐந்தாயிரம் ரூபாய்க்கு உள்ளே, கொஞ்சம் வளைந்து கொடுக்கும் ஷாஃப்டோடு வரும் பேட்டுகள் மோதலை நன்றாகவே தாங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, பேட் எப்படித்தான் உடைகிறது? ஷட்டில் அடித்து உடைவது மிக மிக அரிது. ஐந்து கிராம் ஷட்டில் நரம்பில் படும்போது பிரேமுக்குப் போகும் அடி அதற்குப் பொருட்டே இல்லை. டபுள்ஸில் பார்ட்னரின் பேட்டோடு மோதுவதுதான் முதல் காரணம். அதுவும் ஒரே மாதிரி இடத்தில்தான் நடக்கும். நடுக்கோட்டில் உயரமாக ஒரு ஷட்டில் வரும், பின்னால் இருப்பவர் ஸ்மாஷுக்குக் கையை ஓங்குவார், முன்னால் இருப்பவர் ஒரு அடி பின்னால் வந்து அவரும் பேட்டைத் தூக்குவார். இரண்டு பேட்டின் நுனியும் முழு வேகத்தில் சந்திக்கும். 2019-ல் என்னுடைய மிகப் பிடித்த பேட் இப்படித்தான் போனது. அது 3யூ, நல்ல கனமான பிரேம். பார்ட்னர் கையில் இருந்தது 5யூ. அவருடையதில் பெயின்ட் மட்டும் உரிந்தது, என்னுடையது, தலையைக் கடிகார முகமாக நினைத்தால், ஒரு மணி இடத்தில் இரண்டாகப் பிளந்தது. இதை வைத்து 5யூதான் பலம் என்று சொல்ல மாட்டேன். எந்த இடத்தில் பட்டது, எந்தக் கோணத்தில் பட்டது, எந்த பேட் வேகமாக வந்தது என்பதெல்லாம் எடையைவிட அதிகம் தீர்மானிக்கும் என்பதற்காகச் சொல்கிறேன். இடமும் கோணமும் வேகமும் சமமாக இருந்தால் மெல்லிய சுவர் உள்ள பேட்தான் முதலில் போகும், அதில் சந்தேகம் இல்லை. எத்தனை சதவீதம் சீக்கிரம் போகும் என்று யாராவது எண் சொன்னால் நம்பாதீர்கள். அப்படிச் சமமாக மோதவிட்டு எந்தக் கடைக்காரரும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை.

இரண்டாவது காரணம் நரம்பின் இழுவிசை. இதை விளையாடுபவர்கள் மிகக் குறைவாக மதிப்பிடுகிறார்கள். வழக்கமான கட்டிங்கில் நெடுக்காக 22 நரம்பு ஓடுகிறது. ஒவ்வொன்றும் 26 பவுண்டு என்றால் பெயரளவில் மொத்தம் 572 பவுண்டு, கிட்டத்தட்ட 260 கிலோ. அத்தனையும் பிரேமின் மேல்பக்கத்தையும் கீழ்ப்பக்கத்தையும் ஒன்றை நோக்கி ஒன்று இழுத்துக்கொண்டே இருக்கிறது, பேட் பைக்குள் தூங்கும்போதுகூட. குறுக்கு நரம்பு பக்கங்களை உள்ளே இழுத்து அதைச் சமன் செய்கிறது. அதே பேட்டில் 22 பவுண்டு போட்டால் நெடுக்கு இழுவிசையில் சுமார் 40 கிலோ குறைந்துவிடும். மோதல் நடக்கும் நொடியில் பிரேம் ஏற்கெனவே எவ்வளவு சுமையில் இருந்தது என்பதுதான் பல நேரம் பெயின்ட் உரிவதா, பிளப்பதா என்று முடிவு செய்கிறது.

இங்கே பேட்டில் அச்சிட்டிருக்கும் டென்ஷன், அதாவது இந்த இழுவிசையின் அளவு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊரில் பிரபலமான யோனெக்ஸ் நானோரே லைட் 18i பேட் 77 கிராம்தான், ஆனால் 30 பவுண்டு வரை என்று விற்கிறார்கள். யோனெக்ஸின் உயர்ரக ஆஸ்ட்ராக்ஸ் 100 இசட்இசட் பேட்டிலோ 4யூவுக்கு 20 முதல் 28, 3யூவுக்கு 21 முதல் 29. ஒரே மாடலில் எடை ஒரு படி குறைந்ததும் கம்பெனியே ஒரு பவுண்டு குறைத்திருக்கிறது பாருங்கள். எடைக்கும் பலத்துக்கும் உறவு உண்டு, ஆனால் அது சின்ன உறவு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை. விலை குறைந்த, எடையும் குறைந்த பேட் 30 தாங்கும் என்று போட்டிருப்பதும் பொய் இல்லை. ஆனால் அந்த எண் புதிய, அடிபடாத பிரேமுக்கு, நல்ல மெஷினில், சரியாகத் தாங்கிப் பிடித்துக் கட்டும்போதுதான் பொருந்தும். ஒரு முறை லேசாக மோதிய பேட்டுக்கு அந்த எண் செல்லாது.

கட்டுபவரும் பேட்டை உடைக்கலாம், இதை என் தொழிலில் இருந்துகொண்டே சொல்கிறேன். நெடுக்கு நரம்பு முடிந்து குறுக்கு நரம்பு போடுவதற்கு முன்னால் பிரேம் நீளத்தில் சுருங்கி அகலத்தில் விரியப் பார்க்கும். அந்த நேரத்தில் இரண்டு புள்ளியில் மட்டும் பிடிக்கும் பழைய மெஷினில் மெல்லிய பிரேமை வைத்தால் ஆபத்து அதிகம். ஆறு புள்ளியில் பிடிக்கும் மெஷினா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். நெடுக்கு மட்டும் போட்டுவிட்டு 'மீதியை நாளைக்குப் பார்க்கலாம்' என்று தொங்கவிடும் கடைக்குத் திரும்பப் போக வேண்டாம். குறுக்கு நரம்பை நெடுக்கைவிட ஒன்று அல்லது இரண்டு பவுண்டு கூட்டிப் போடுவது வழக்கம், பிரேம் தன் வடிவத்துக்குத் திரும்ப அது உதவும். குறுக்கை மேலிருந்து தொடங்குவதா கீழிருந்தா என்பதில் கட்டுபவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. நான் கீழிருந்து தொடங்குகிறேன். 24 பவுண்டுக்குக் கீழே போடுபவர்கள் அதற்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை.

மூன்றாவது காரணம், அறுந்த நரம்பை அப்படியே விட்டுவிடுவது. ஒரு நரம்பு அறுந்தால் அந்த இடத்தில் இழுவிசை போய்விடும், மற்ற இடங்களில் அப்படியே இருக்கும். பிரேம் முறுக்கிக்கொண்டே கிடக்கும். 'ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கலாம்' என்று காரில் போட்டுவிடுகிறார்கள். திங்களன்று வரும்போது பக்கவாட்டில் பிரேம் உள்ளே வாங்கியிருக்கும். நரம்பு அறுந்தால் கோர்ட்டிலேயே, ஐந்து நிமிடத்துக்குள், கத்தரிக்கோலால் எல்லா நரம்பையும் வெட்டிவிடுங்கள். நடுவிலிருந்து தொடங்கி, நெடுக்கும் குறுக்குமாக மாறி மாறி வெளிப்பக்கம் போக வேண்டும். பேட் பைக்குள் ஒரு சின்னக் கத்தரிக்கோல் எப்போதும் இருக்கட்டும். 5யூ பேட்டுக்கு இது இன்னும் முக்கியம்.

உங்கள் நண்பரின் பேட்டுக்கு என்ன ஆனது என்று பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன், ஆனால் விரிசல் எங்கே என்று கேட்டால் ஓரளவு ஊகிக்கலாம். கடிகார முகம்போல நினைத்துக்கொண்டால், 11 மணியிலிருந்து 1 மணிக்குள் என்றால் பெரும்பாலும் மோதல், அல்லது கீழே விழப்போகும் ஷட்டிலை எடுக்கும்போது தரையில் இடித்தது. 3 மணி, 9 மணி பக்கம் உள்ளே அமுங்கியிருந்தால் டென்ஷன் அல்லது அறுந்த நரம்பு. பிரேமும் ஷாஃப்டும் சேரும் டி ஜாயின்ட்டில், எங்கும் அடிபட்ட தடமே இல்லாமல் விரிசல் என்றால் தயாரிப்புக் குறையாக இருக்கலாம். அப்படி இருந்தால் பில்லோடு கடைக்குப் போகச் சொல்லுங்கள். வாரன்ட்டி பொதுவாகத் தயாரிப்புக் குறைக்கு மட்டும்தான். மோதலுக்கும், அச்சிட்ட அளவைத் தாண்டிக் கட்டியதற்கும் கிடைக்காது. அடிபட்ட தடம் இருந்தால் கடைக்காரர் முதலில் அதைத்தான் காட்டுவார்.

இப்போது உங்களுக்கு என் யோசனை. 26 பவுண்டை விட்டுவிடுங்கள். 22 நெடுக்கு, 23 குறுக்கு போதும். டென்ஷன் குறைந்தால் நரம்பு அதிகம் உள்வாங்கித் திருப்பித் தள்ளும், நடுப்புள்ளியில் படாத ஷாட்டும் பின்கோடு வரை போகும். லேசான பேட்டில் முதலில் தெரியும் குறையே ஷட்டில் பின்கோட்டை எட்டவில்லை என்பதுதான், அதற்கும் இதுவே மருந்து. நரம்பு யோனெக்ஸின் பிஜி 65 போடுங்கள், 0.70 மில்லிமீட்டர் தடிமன், மெல்லிய ரகங்களைவிட நாள்பட உழைக்கும். அடிக்கடி அறாத நரம்பு பிரேமுக்கும் நல்லது, ஏனென்றால் ஒவ்வொரு அறுதலும் ஒவ்வொரு புதுக் கட்டிங்கும் பிரேமுக்கு ஒரு சோதனை. எடையில், இருபது கிராம் ஒரேயடியாகக் குறைக்கும் மிக லேசான பேட்டுகள் பக்கம் போகாதீர்கள். 3யூவிலிருந்து 5யூ வருவதே பெரிய மாற்றம். பேலன்ஸ் 285 முதல் 292 மில்லிமீட்டருக்குள், ஷாஃப்ட் மீடியம் அல்லது ஃபிளெக்ஸிபிள் என்று பாருங்கள். உங்கள் 4,500 ரூபாய்க்கு இது கிடைக்கும். வாங்கும்போது பிரேமைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து முறுக்கு இருக்கிறதா பாருங்கள், விரல் நகத்தால் பிரேம் முழுக்கத் தடவுங்கள், நரம்பு நுழையும் ஓட்டைகளில் உள்ள பிளாஸ்டிக் குரோமெட் எல்லாம் சமமாக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். முடிந்தால் நகைக்கடைத் தராசு போன்ற சின்ன டிஜிட்டல் தராசில் எடை போடுங்கள். ஓவர்கிரிப் ஒன்றே சுமார் ஐந்து கிராம், அதனால் பழைய கிரிப்புக்கு மேலே புதிது சுற்றினால் நீங்கள் பணம் கொடுத்துக் குறைத்த எடையில் ஒரு படி திரும்பி வந்துவிடும்.

தோளைப் பற்றி நான் சொல்லக் கூடியது கொஞ்சம்தான், நான் மருத்துவர் இல்லை. எடை குறைந்த பேட் எடுத்த பிறகு நிம்மதி என்று சொன்னவர்கள் உண்டு. லேசாக இருக்கிறதே என்று இன்னும் வேகமாக வீசி, ஒரு மாதத்தில் வலி கூடியவர்களும் உண்டு. இரண்டையும் என் கடை வாசலிலேயே கேட்டிருக்கிறேன். கையைத் தலைக்கு மேல் தூக்கும்போது வலிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பேட் வாங்குவதற்கு முன்னால் ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டுங்கள், தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பேட் கைக்கு வந்ததும் பார்ட்னரிடம் ஒன்று பேசிவிடுங்கள். நடுவில் உயரமாக வரும் ஷட்டில் யாருடையது என்று முன்பே முடிவு செய்து, எடுப்பவர் 'என்னுது' என்று சத்தமாகக் கூப்பிட வேண்டும். எங்கள் காலைக் கூட்டத்தில் பின்னால் இருப்பவருக்கே நடு ஷட்டில் என்று வைத்த பிறகு மோதல் வெகுவாகக் குறைந்துவிட்டது. எப்போதாவது மோதினால் ஆட்டத்தை நிறுத்தி, பட்ட இடத்தைச் சுற்றிக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். 'கிளிக்' என்று சத்தம் வந்தாலோ, பெயின்ட் கோடு ஒரு குரோமெட் ஓட்டையிலிருந்து அடுத்த ஓட்டைக்கு ஓடினாலோ, அது பெயின்ட் இல்லை, விரிசல். அங்கேயே நரம்பை வெட்டிவிட்டு ஒருவரிடம் காட்டுங்கள். வெறும் உரிசல் என்றால் தலையில் பாதுகாப்பு டேப் ஒட்டி ஆடலாம். அடுத்த கட்டிங்குக்குக் கொடுக்கும்போது 'இந்த இடத்தில் அடிபட்டிருக்கிறது' என்று மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், கட்டுபவர் இரண்டு பவுண்டு குறைத்துப் போடுவார்.